கான் வெட்டிய கடற்கரை

பசுமை நகரம் என்னும் தொடர் இன்று மந்திரிகளின் சொற்பொழிவிலும் வீடு விற்போரின் விளம்பரத்திலும் ஒரே தாராளத்தோடு புழங்குகிறது. சாலையோரத்தில் நிழல் மரம், மாடியின் மேல் பூந்தோட்டம், குடியிருப்பின் நடுவே ஒரு செயற்கைக் குட்டை என்று அதன் இலக்கணத்தைச் சுருக்கிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால், ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை பொழிவதும், நாள்தோறும் இருமுறை கடல் ஏறி இறங்குவதுமான ஒரு பிரதேசத்தில் மனிதர் வாழத்தக்க ஊரை நிர்மாணிக்க முற்படுகிறவன், பெய்த நீர் எங்கே தங்கும், எவ்வழியே செல்லும், எந்த வேளையில் வெளியேறும், அந்த வழியைக் காப்பவன் யார் என்னும் வினாக்களுக்கே முதலில் விடை காண வேண்டும். மரமும் பூவும் அதற்குப் பிற்பட்டவை. மலாயாவில் இவ்வினாக்களை உயிர்ப் பிரச்சினையாக எதிர்கொண்டவை மாநகரங்கள் அல்ல என்பதும், கோல சிலாங்கூருக்கு வடக்கே பெர்ணம் ஆற்று முகத்துவாரம் வரையில் நீண்டு கிடக்கும் சேற்றுக் கடற்கரையும் அதை ஒட்டிய தோட்டங்களுமே அப்பாடத்தை மாநகரங்களுக்கு முன்னதாகப் படித்தன என்பதும், நகர நிர்மாணச் சரித்திரத்தை எழுதுவோர் பெரும்பாலும் சொல்லாமல் விடும் செய்திகள்.

பாகான் நக்கோடா ஓமார் இக்கரையில் அமைந்த ஒரு மீனவர் ஊர். சபாக் பெர்ணம் மாவட்டத்தின் உட்பிரிவுகளான ஐந்து முக்கிம்களுள் ஒன்றுக்கும் அதுவே பெயர். தெற்கிலிருந்து வருகிறவர் தஞ்சோங் காராங், செகிஞ்சான், சுங்கை பெசார் ஆகிய ஊர்களைக் கடந்து இப்பக்கம் வந்து சேர்கையில், நிலம் ஏறுவதையோ இறங்குவதையோ காண மாட்டார். எங்கும் ஒரே சமதளம். அந்தச் சமதளத்தின் பெரும்பகுதி, அமாவாசை பௌர்ணமி நாட்களில் ஏறிவரும் கடலின் மட்டத்தைவிடத் தாழ்ந்தது. கடலோரத்தில் அலையாத்திக் காடு, அதற்கு உள்ளே நீலச் சாம்பல் நிறக் களிமண், அதற்கும் உள்ளே பல நூற்றாண்டுகளாக உதிர்ந்த இலையும் மரமும் மட்காமல் ஊறிக்கிடக்கும் சதுப்புக் காடு, வெகு தொலைவில் கிழக்கே மலைத்தொடர் என்று வரிசையாக அமைந்த இந்நிலத்தில், முன்புறம் ஒரு கரை இல்லாவிட்டால் கடல் உள்ளே வரும். உள்ளே ஒரு கான், அதாவது வடிகால், இல்லாவிட்டால் மழைநீர் வெளியே போகாது. இரண்டும் இருந்து அவற்றின் சந்திப்பில் ஒரு மதகு இல்லாவிட்டாலோ, கரையும் கானும் சேர்ந்து ஒரு பெரிய தொட்டியைத்தான் உண்டாக்கும்.

இந்த மூன்றின் சம்பந்தத்தை முதலில் அறிந்தவர்கள் வெள்ளைக்காரப் பொறியாளர்கள் என்று எண்ணுவது நியாயமாகாது. ஜாவாவிலிருந்தும் போர்னியோவின் பஞ்சார் தேசத்திலிருந்தும் வந்து குடியேறிய முஸ்லிம் விவசாயிகள், கடலுக்குச் செங்குத்தாக நேர்கோட்டில் 'பாரிட்' என்னும் வாய்க்கால்களை வெட்டி, அவற்றின் இருபுறமும் தென்னையும் கமுகும் நட்டு, வாய்க்காலை ஒட்டியே வீடுகளையும் வரிசையாக அமைத்தார்கள். இன்றும் இப்பக்கத்தில் முகவரி சொல்லும்போது பாரிட்டின் பெயரைச் சொல்வதே வழக்கம். ஊரின் எலும்புக்கூடு சாலையன்று, வாய்க்கால் என்பதை அந்த வழக்கம் தெரிவிக்கிறது.

அதன் பின்னர்த் தோட்டங்கள் வந்தன. காப்பியும் தென்னையும் முதலில். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பருக்கு ஏற்பட்ட கிராக்கியால் எங்கும் பால்மரம். பெர்ணம் ஆற்றுக்கு அக்கரையில், பேராக் எல்லைக்குள், டென்மார்க் நாட்டவரான ஆகெ வெஸ்டன்ஹோல்ட்ஸ் 1906-இல் ஜெண்டராத்தா தோட்டத்தைத் தொடங்கினார். இக்கரையில், கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில், பிரெஞ்சுக்காரரான ஆன்ரி ஃபொக்கொன்னியே 1917-இல் செம்பனையை வியாபாரப் பயிராக நட்டார். இன்று மலேசியாவின் நிலத்தோற்றத்தையே மாற்றிவிட்ட அப்பயிரின் வணிக சரித்திரம் இந்நாட்டில் அங்கேதான் ஆரம்பமாகிறது. (அவர் பிற்காலத்தில் மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்ஸின் கொன்கூர் பரிசு கிடைத்தது என்பது இலக்கியம் படிப்பவர்களுக்கு ஒரு கொசுறுச் செய்தி.)

இத்தோட்டங்களுக்குக் கங்காணிகள் அழைத்துவந்த ஜனங்கள் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், வட ஆர்க்காடு போன்ற ஜில்லாக்களைச் சேர்ந்தவர்கள். ஏரியையும் மதகையும் கலிங்கையும் பிறந்த நாள் முதல் பார்த்தவர்கள். மராமத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள் என்று மண்வெட்டியோடு போய்ப் பழகிய குடும்பங்கள். ஆனால் அங்கே அவர்கள் கற்றது நீரைத் தடுத்து நிறுத்தும் வித்தை. இங்கே அவர்களிடம் கேட்கப்பட்டது நீரை வெளியேற்றும் வேலை. மார்கழி மழையில் நிரம்பிய ஏரியைக் கண்டு மகிழ்ந்த ஒருவன், நீர் நின்றால் பயிர் அழுகும் என்று சொல்லப்படும் நிலத்தில் வந்து நின்றபோது அவனுக்கு உண்டான வியப்பை ஒரு கிராணியும் குறிப்பேட்டில் எழுதி வைக்கவில்லை.

கான் வெட்டு என்பது தோட்டத்து வேலைகளுள் மிகக் கடினமானவற்றுள் ஒன்று. காட்டை அழித்து எரித்த நிலத்தில், சங்கிலி அளவு வைத்துக் கயிறு கட்டி, முழங்கால் அளவு சேற்றில் நின்று, பிசினைப்போல் மண்வெட்டியில் ஒட்டிக்கொள்ளும் களிமண்ணை ஒவ்வொரு வெட்டாகப் பெயர்த்துக் கரையில் எறிய வேண்டும். மரவரிசைகளுக்கு இடையே சிறு கான்கள். அவை சேரும் நடுத்தரக் கான். அவையெல்லாம் வந்து கூடும் பெருங்கான். அது கரையைச் சந்திக்கும் இடத்தில் மதகு. கானின் சரிவு ஓரிடத்தில் தவறினாலும் அதற்கு மேற்பட்ட வயல் முழுவதும் நீர் தேங்கும். ஆகையால், ஒரு நிரையில் வெட்டுகிறவனுடைய வேலை அடுத்த நிரையில் வெட்டுகிறவனுடைய வேலையை நம்பியிருந்தது. இக்காலத்தார் அமைப்பு முறை வடிவமைப்பு என்று ஒரு தனிச் சாஸ்திரமாகப் படிக்கும் பொருளின் சாரம் இதுவே: ஓர் உறுப்பைத் தனியே திருத்த முடியாது; திருத்தினால் வேறோர் உறுப்பு கெடும்.

மதகைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பழைய கடற்கரை மதகின் கதவு கனத்த மரப்பலகையால் ஆனது. மேற்புறத்தில் கீல் பூட்டித் தொங்கவிடப்பட்டிருக்கும். கடல் ஏறும்போது வெளியே நிற்கும் நீரின் அழுத்தம் கதவைச் சட்டத்தோடு சேர்த்து இறுக்கி அடைத்துவிடும். கடல் இறங்கியபின் உள்ளே நிற்கும் கான் நீரின் பாரம் அதைத் தானே தள்ளித் திறந்துகொண்டு வெளியேறும். ஆளும் வேண்டாம், எந்திரமும் வேண்டாம். எனினும் ஒரு தேங்காய் மட்டையோ நீப்பா மட்டையோ கதவின் இடுக்கில் சிக்கிக்கொண்டால் அன்றிரவு உப்புநீர் கானுக்குள் ஏறும். தென்னை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், பால்மரம் பொறுக்காது. ஆகவே, கடல் இறங்கும் வேளையில், அது நள்ளிரவானாலும், ஒருவன் விளக்கோடு போய் மதகைப் பார்த்து வர வேண்டியிருந்தது. மிகச் சிறந்த அமைப்புக்கும் ஒரு காவற்காரன் தேவைப்படுகிறான். அவன் சம்பளத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று எந்த நிர்வாகம் எண்ணுகிறதோ, அந்த நிர்வாகம் அதைப்போல் பல மடங்கைப் பின்னர் உப்புக்குக் கொடுக்கும்.

இப்படி வெட்டப்பட்ட கான்கள் பயிருக்காக வெட்டப்பட்டவை. அவை மனித உயிரையும் காக்கும் என்பது வேறொரு வழியாகத் தெரியவந்தது. 1901-ஆம் ஆண்டில் மால்கம் வாட்சன் என்னும் இளம் வைத்தியர் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பதவியேற்றார். அதே ஆண்டு செப்டம்பரில் அலையாத்திச் சதுப்பின் நடுவே போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களுக்குள் அங்கிருந்த கூலிகளும் உத்தியோகஸ்தர்களும் மலேரியா ஜுரத்தால் ஒருவர்பின் ஒருவராகப் படுத்தார்கள். துறைமுகத்தையே கைவிட்டுவிடலாமா என்னும் யோசனையும் எழுந்தது. மலேரியாவைப் பரப்புவது அனாபிலிஸ் கொசு என்பதை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்து அப்போது நான்கே ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. வாட்சன் கொயினா மாத்திரையை மட்டும் நம்பாமல், கிள்ளான் நகரத்துச் சதுப்புகளை வடித்தும், துறைமுகத்தைச் சுற்றிக் கரை எழுப்பியும், காட்டை வெட்டிக் கான் வகுத்தும், நோயின் பிறப்பிடத்தையே நீக்கும்படி அரசாங்கத்தை இணங்கச் செய்தார். 1901-இல் 500-க்கு மேற்பட்ட மலேரியா நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய அவ்விரு ஊர்களும் 1905-இல் அனுப்பியவர்கள் 23 பேர்தாம். மருந்து செய்யாததை மண்வெட்டி செய்தது.

கதை அத்தோடு முடிந்திருந்தால் அது ஒரு சாதாரண வெற்றிக் கதை. வாட்சனுடைய பெருமை அதன் பிறகுதான் தொடங்குகிறது. கடற்கரைச் சமவெளித் தோட்டங்களில் காட்டை வெட்டிக் கான் எடுத்தவுடன் ஜுரம் குறைந்ததைக் கண்டவர், மலையடிவாரத் தோட்டங்களில் அதே வேலையைச் செய்தபோது ஜுரம் குறையாமல் நின்றதையும், சில இடங்களில் பெருகியதையும் கண்டார். காரணத்தைத் தேடியபோது கொசு ஒரே இனமன்று என்பது புலப்பட்டது. சமவெளியின் அம்ப்ரோசஸ் என்னும் இனம், காட்டு நிழலில் தேங்கிய பழுப்பு நீரில் முட்டையிடுவது. நிழலும் தேக்கமும் போனால் அதுவும் போகும். மலைப்பக்கத்து மாக்குலேட்டஸ் என்னும் இனமோ, வெயில் படும் தெளிந்த ஓடை நீரை விரும்புவது. காட்டை வெட்டி ஓடையைத் திறந்து வெயிலுக்குக் காட்டுவது அதற்கு விருந்து வைத்து அழைப்பதற்குச் சமம். அங்கே ஓடையை மூடி, நிலத்தின்கீழ் குழாய் பதித்து நீரைக் கொண்டுசெல்ல வேண்டும் என்று அவர் வகுத்தார். கடலோரத்தில் மூன்றாவதாக ஓர் இனம். கரை அரைகுறையாக நின்று உப்புநீரும் மழைநீரும் கலந்து வெயிலில் தேங்குமிடத்தில் அது பெருகியது. அதாவது, கரையே இல்லாத கடற்கரையைவிடப் பாதியில் விடப்பட்ட கரை கொடியது.

இதன் முக்கியத்துவத்தை நகர நிர்மாணம் பேசுவோர் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஒரே பரிகாரம் ஓர் இடத்தில் அமிர்தமாகவும் வேறோர் இடத்தில் விஷமாகவும் வேலை செய்தது. நிலத்தையும் நீரையும் நிழலையும் கொசுவையும் அங்கே வசிக்கும் மனிதனையும் ஒரே சித்திரமாக வைத்துப் பார்த்தாலன்றி எந்தப் பரிகாரம் எங்கே தகும் என்று சொல்ல முடியாது. 1911-இல் வெளிவந்த வாட்சனுடைய நூல் மலாய் நாட்டு மலேரியாத் தடுப்பைப் பற்றியது என்று பெயர் பெற்றிருந்தாலும், அதன் பக்கங்களில் நிறைந்திருப்பவர்கள் தமிழ்க் கூலிகளே. எந்தத் தோட்டத்தில் எத்தனை குழந்தைகளுக்கு மண்ணீரல் வீங்கியிருந்தது, கூலிகளின் வரிசைக் குடியிருப்பாகிய லயம் காட்டுக்கு எத்தனை தூரத்தில் இருந்தது என்று அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக் கணக்கெடுத்தார். லயங்களைக் காட்டு விளிம்பிலிருந்து அரை மைலுக்கு அப்பால் கட்ட வேண்டும் என்று வற்புறுத்தினார். ஆண்டுக்கு ஆயிரம் பேரில் 200 பேருக்கு மேல் இறந்த தோட்டங்களும் அக்காலத்தில் இருந்தன என்பதை நினைத்தால், அந்த அரை மைல் எத்தனை உயிரின் விலை என்பது விளங்கும். இதைச் சொல்லும்போதே வேறொன்றையும் சொல்வது நேர்மை: தோட்ட முதலாளிகளை இணங்கச் செய்தது கருணை மாத்திரம் அன்று. காய்ச்சலில் கிடக்கும் கூலி பால் வெட்ட மாட்டான். அவனைக் கப்பலேற்றிக் கொண்டுவந்த செலவும் வீணாகும். கணக்குப் புத்தகமும் சுகாதாரமும் ஒரே திசையைக் காட்டிய அபூர்வமான சந்தர்ப்பம் அது.

தோட்டங்கள் தனித்தனியே செய்த இவ்வேலையை மாவட்ட அளவில் அரசாங்கம் மேற்கொண்டது 1932-க்குப் பிறகு. அவ்வாண்டில் அமைக்கப்பட்ட வடிகால் நீர்ப்பாசன இலாகா, அரிசிக்குப் பிற தேசங்களை நம்பியிருக்கும் நிலையைக் குறைக்கும் நோக்கத்தோடு, தஞ்சோங் காராங் சதுப்பை நெல்வயலாக்கும் பெரும் பணியை அந்தப் பத்தாண்டில் தொடங்கியது. கடற்கரைக்கு இணையாக ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிரதானக் கால்வாய் ஒன்று. பெர்ணம் ஆற்றில் தலைமதகு கட்டி அங்கிருந்து தெங்கி ஆற்றுக்குத் திருப்பப்பட்ட நீர் அதற்கு உணவு. அதிலிருந்து கிளைக்கும் வாய்க்கால்கள், வயல்கள், வடிகால்கள், கடைசியில் கடலைத் தடுக்கும் கரையும் மதகுகளும். சாவா செம்படான் முதல் பாகான் தெராப் வரையில் சுமார் 20,000 ஹெக்டேர் இவ்வாறு வயலாயிற்று. செகிஞ்சான் வயல்களின் பச்சையைப் படமெடுக்க வார இறுதியில் கோலாலம்பூரிலிருந்து வரும் இளைஞர்கள், தாங்கள் இயற்கையைப் படமெடுப்பதாக நினைக்கிறார்கள். அங்குள்ள ஒவ்வோர் அங்குலமும் மட்டப்பலகை வைத்து அளந்து செய்யப்பட்டது.

இத்திட்டத்தின் மிக நுட்பமான உறுப்பு, மனிதன் கட்டாத உறுப்பு. கிழக்கே கிடந்த ராஜா மூசா, சுங்கை காராங் சதுப்புக் காடுகள், மழைக்காலத்தில் நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு வறட்சியில் மெல்ல விடுவதால், வயல்களுக்கு ஓர் அணைக்கட்டு செய்ய வேண்டிய வேலையைச் செலவில்லாமல் செய்துவந்தன. ஆயினும் மரம் வெட்டுவோர் கட்டைகளை மிதக்கவிட்டுக் கொண்டுவரும் பொருட்டு அக்காட்டுக்குள் வெட்டிய கால்வாய்கள் மரத்தோடு நீரையும் வெளியே கொண்டுவந்தன. உலர்ந்த சதுப்பு மண் தாழ்ந்தது. கோடையில் தீப்பற்றி, மண்ணுக்குள்ளேயே புகைந்து எரிந்தது. ராஜா மூசாக் காடு 1990-இல் காப்புக் காடாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. 2008 முதல் சிலாங்கூர் வன இலாகாவும் உலகளாவிய சுற்றுச்சூழல் மையமும் தொண்டர்களோடு சேர்ந்து அப்பழைய கால்வாய்களை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்தி மரம் நட்டுவருகின்றன. ஒரு தலைமுறை வெட்டிய கானை அடுத்த தலைமுறை அடைக்கிறது; இரண்டுமே அவ்வவ்விடத்தில் சரியான வேலையாக இருக்கக்கூடும் என்பதை வாட்சன் இருந்தால் எளிதில் ஒப்புக்கொண்டிருப்பார்.

கோலாலம்பூர் இவற்றையெல்லாம் கவனிக்கவில்லை என்பதே நகரத்தின் சரித்திரம். அந்நகரத்தாருக்குப் பசுமையின்மேல் ஆசை இல்லாமற் போகவில்லை. 1880-களின் இறுதியில் ஆல்பிரட் வென்னிங் ஏரித் தோட்டத்தை அமைத்தார். 1921-இல் சார்ல்ஸ் ரீட் என்பவர் மலாய் நாட்டின் அரசாங்க நகரத் திட்ட அதிகாரியாக வந்து, இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் பரவியிருந்த தோட்ட நகரக் கொள்கையை இங்கே நிலைநாட்ட முயன்றார். அவர் காலத்து 1923-ஆம் ஆண்டுச் சட்டம் நிலமுதலாளிகளுக்குப் பிடிக்கவில்லை. சில ஆண்டுகளில் அது பலவீனப்படுத்தப்பட்டது. அவரும் பத்தாண்டு முடியுமுன் ஆப்பிரிக்காவுக்கு மாற்றலாகிப் போனார். 1926-இல் பெருவெள்ளம் நகரத்தை மூழ்கடித்தது. அதற்கு நகரம் கண்ட விடை, ஆற்றை நேராக்கி அகலமாக்கி, நீரை இயன்ற விரைவில் கீழே தள்ளிவிடுவது. 1971 ஜனவரியில் மீண்டும் வெள்ளம். மீண்டும் பெரிய கான்கிரீட் கான். வீடு பெருகப் பெருக, கூரையும் தாரும் மூடிய நிலத்திலிருந்து நீர் முன்னைவிட வேகமாக ஓடிவந்தது. வேகமாக ஓடிவந்த நீருக்கு இன்னும் பெரிய கான் தேவைப்பட்டது. நோயும் மருந்தும் ஒன்றையொன்று வளர்த்தன. 2007-இல் திறக்கப்பட்ட 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்மார்ட் சுரங்கம், மழையில்லாக் காலத்தில் வாகனங்களும் வெள்ளக் காலத்தில் நீரும் செல்லும்படி அமைந்த ஓர் அபூர்வ நிர்மாணம். அதன் திறமையை வியக்காதிருக்க முடியாது. ஆனால் அது மேலே செய்த பிழைக்குப் பூமிக்கு அடியில் செலுத்தப்பட்ட அபராதமும் ஆகும்.

தமிழ்நாட்டிலும் இதே மறதி இருந்தது. ஸ்காட்லாந்து அறிஞர் பாட்ரிக் கெட்டிஸ் 1915-இல் சென்னையில் நகரத் திட்டக் கண்காட்சி நடத்திவிட்டு, அவ்விராஜதானியின் ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். மலேரியாவின் பெயரால் குளங்களைத் தூர்த்துவிடும் வழக்கத்தை அவர் இந்திய அறிக்கைகளில் கண்டித்து, கொசுப்புழுவைத் தின்ன மீனையும் வாத்தையும் விடுங்கள், குளம் ஊரைக் குளிர்விக்கும், வெள்ளத்தை ஏற்கும் என்று வாதாடினார். அவர் பேச்சைக் கேட்ட எட்டே ஆண்டுகளில், 1923-இல், சென்னையின் நீண்ட ஏரி இருந்த இடத்தில் தியாகராய நகரை எழுப்பும் வேலை தொடங்கிற்று. மழைக்காலத்தில் அப்பகுதியின் தெருக்கள் ஏரியாகிவிடுவதைப் பற்றி இன்று குறைகூறுவோர், ஏரிதான் தெருவாயிற்று என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஆக, ஒரு சரித்திர விநோதம். மலாயாவில் நெல்லுக்காகவும் தோட்டத்துக்காகவும் பிறந்த அந்த வடிகால் இலாகாவே, 2000-ஆம் ஆண்டில், நகரங்களுக்கான புதிய மழைநீர்க் கையேடு ஒன்றை வெளியிட்டது. இயற்கைக்கு இணக்கமான வடிகால் என்பது அதன் மலாய்ப் பெயரின் கருத்து; அப்பெயரின் சுருக்கம் மஸ்மா. 2001 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த அக்கையேட்டின் சாரம், நீரை விரட்டாதே என்பது. பெய்த இடத்திலேயே சிறிது நிறுத்து, புல் படிந்த அகலக் கானில் மெல்ல நடத்து, ஒரு குட்டையில் தங்கவை, வண்டல் படியட்டும், பிறகு ஆற்றுக்கு அனுப்பு, புதுக் குடியிருப்பு எழுவதற்கு முன் அந்நிலத்திலிருந்து எவ்வளவு நீர் வந்ததோ அதற்கு மேற்பட்டு வரக் கூடாது. சேலத்து ஏரிக்காரனும் சபாக் பெர்ணத்துக் கான் வெட்டியும் ஆளுக்குப் பாதியாக அறிந்திருந்த வித்தை, தடுக்கும் பாதியும் வடிக்கும் பாதியும், ஒரு புத்தகத்தில் ஒன்று சேர்ந்தது. கையேடு நல்லது; ஆனால் அதன்படி வெட்டப்பட்ட குட்டைகள் சில ஆண்டில் குப்பையும் கொசுவும் நிறைந்து வேலியிட்டுக் கிடப்பதையும் பார்க்கிறோம். விளக்கோடு போய்ப் பார்க்கும் காவற்காரனுக்குக் கையேட்டில் இடம் கொடுத்தாலும் சம்பளத்தில் இடம் கொடுப்பவர் குறைவு.

கடலோரத்துக்கு மீண்டும் வருவோம். கரையின் வலிமை கரையில் மட்டும் இல்லை, அதன் முன்னே நிற்கும் அலையாத்திக் காட்டில் இருக்கிறது என்பதை நாடு சற்றுத் தாமதமாகவே உணர்ந்தது. 1980-களின் நடுவில் நடத்தப்பட்ட தேசியக் கடலரிப்பு ஆய்வு, சுமார் 4,800 கிலோமீட்டர் கடற்கரையில் 1,300 கிலோமீட்டருக்கு மேல் அரிக்கப்பட்டு வருவதைக் கண்டது. சிலாங்கூரின் வடகரையும் அதற்கு விலக்கன்று. மண்கரையை உயர்த்துவதும் அலை அதைத் தின்பதும், கருங்கல் அடுக்குவதும் கல் சேற்றில் புதைவதுமாக ஆண்டுகள் கழிந்தன. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு கடலோரங்களில் மரம் நடும் தேசியத் திட்டம் ஏற்பட்டது. பாகான் நக்கோடா ஓமாருக்குத் தெற்கே சுங்கை ஹாஜி டோரானியில், மலேசிய வன ஆராய்ச்சி நிலையம், அலையின் வேகத்தை முறிக்கக் கடலுக்குள் ஓர் அலைத்தடுப்பை அமைத்து, அதன் உட்புறத்து அமைதியில் வண்டல் படிய விட்டு, பிறகு அலையாத்தி நாற்றுகளை நட்டது. வெறுங்கரையில் நட்ட நாற்று ஒரே பருவத்தில் அடித்துச் செல்லப்படும். முதலில் அலையைத் தணித்து, வண்டலைச் சேர்த்து, அதற்கப்புறம் மரத்தை நட வேண்டும் என்னும் வரிசை முறையே அங்கே கற்ற பாடம். மந்திரி ஒருவர் வந்து நட்டுவிட்டுப் போகும் நாற்றுக்கும் அதற்கும் உள்ள பேதத்தை இப்பக்கத்து மீனவர் யாரிடம் கேட்டாலும் சொல்வார்.

இந்த அறிவில் பெரும்பகுதி ஒருங்கே பயன்பட்ட நகரம் எது என்றால், புத்ராஜெயாவைத்தான் சொல்ல வேண்டும். 1997-98-இல், அரசாங்க அலுவலகங்கள் குடிபுகுமுன்பே, சுவாவ், பீசா என்னும் இரு சிற்றாறுகளின் மேல் ஏறத்தாழ 200 ஹெக்டேரில் 24 பகுதிகளாக ஈரநிலம் ஒன்றைச் செயற்கையாக அமைத்து, நாணலும் கோரையும் நட்டு, மேலிருந்து வரும் அழுக்கை வடிகட்டிய பின்னரே 400 ஹெக்டேர் ஏரிக்கு நீரை விட்டார்கள். வெப்ப மண்டலத்தில் இத்தகைய முயற்சிகளுள் முன்னோடியானது என்று அதைப் பிற தேசத்தார் வந்து பார்க்கிறார்கள், பார்க்கத் தக்கதுதான்.

அந்நகரம் எழுந்த நிலம் பிராங் பெசார் தோட்டம். முதல் உலக யுத்தத்தில் போரிட்ட பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921-இல் தொடங்கி, உயர்ரக ரப்பர் ஒட்டுக்கன்றுகளுக்குப் பேர் பெற்ற இடம். அங்கும் அதைச் சூழ்ந்த செஜ்லி, மேடிங்லி, கேலவே தோட்டங்களிலும் தலைமுறைகளாக வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர், சுமார் 400 குடும்பத்தினர், டிங்கிலில் கட்டப்பட்ட பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். அச்சுவர்களில் கண்ட விரிசல்களைப் பற்றியும், தரைவீடு கேட்டு அவர்கள் இரண்டு பத்தாண்டுகளுக்கு மேல் காத்திருந்ததைப் பற்றியும் பத்திரிகைகள் பன்முறை எழுதின. நாணலுக்கும் கோரைக்கும் எந்த ஆழத்தில் நீர் நிற்க வேண்டும் என்று சிரத்தையாகக் கணக்கிட்ட திட்டத்தில், அந்நிலத்தைத் திருத்தியவர்களுடைய பேரப்பிள்ளைகள் எங்கே நிற்பார்கள் என்னும் கணக்கு வரவில்லை. மிகப் பழைய தோட்டச் சட்டங்கள்கூட, எவ்வளவு அரைமனதோடு ஆயினும், கானோடு லயத்தையும் ஆஸ்பத்திரியையும் ஒரே முதலாளியின் பொறுப்பில் கட்டியிருந்தன.

வடக்குச் சிலாங்கூரில் அப்பொறுப்பு வேறு விதமாக உடைந்தது. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுச் சென்றபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுதுண்டாக மறுவிற்பனை செய்தார்கள். துண்டாடலால் வேலையும் வீடும் இழந்த தொழிலாளரைக் காக்கவே வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார் என்பது யாவரும் அறிந்த சரித்திரம். ஆனால் துண்டாடலில் கானும் துண்டாயிற்று என்பதை அதிகம் பேர் பேசவில்லை. மேல்துண்டுக்காரன் கானைத் தூர்த்தால் கீழ்த்துண்டுக்காரன் காய்வான். கீழ்த்துண்டுக்காரன் அடைத்தால் மேல்துண்டுக்காரன் மூழ்குவான். லயங்களில் தங்கிவிட்ட குடும்பங்களோ, அது தனியார் நிலம் என்னும் காரணத்தால் ஊராட்சி மன்றத்தின் வடிகாலுக்கும் சாலைக்கும் நெடுங்காலம் உரிமையற்றவர்களாயிருந்தார்கள்.

இப்போது நகரமே இக்கரையை நோக்கி வருகிறது. மேற்குக் கடற்கரை நெடுஞ்சாலை வடக்கு நோக்கி நீள்கிறது. சிலாங்கூர் மாநிலத்தின் 2021-2025 திட்டத்தில் சபாக் பெர்ணம் தனி அபிவிருத்திப் பிரதேசமாகக் குறிக்கப்பட்டது. தென்னையும் செம்பனையும் நின்ற நிலத்தில் தாமான்கள் என்னும் புதுக் குடியிருப்புகள் எழுகின்றன. முன்னே கானாக இருந்தது வீட்டு முற்றத்துக்கு வசதியாக மேடாக்கப்படுகிறது. மதகுகள் இன்று எஃகால் ஆனவை. சிலவற்றை மோட்டார் திறக்கிறது. ஆயினும் கடல் இறங்கும் ஐந்தாறு மணி நேரத்துக்குள்தான் உள்ளே நின்ற நீர் வெளியேற வேண்டும் என்பது மாறவில்லை. கடல் மட்டம் உயர்வதால் அந்நேரமும் குறுகி வருகிறது. ஆகவே, இங்கே ஒரு குடியிருப்புக்கு அநுமதி கேட்டு வருபவரிடம், வீட்டின் எண்ணிக்கையையும் கார் நிறுத்துமிடத்தையும் கேட்பதற்கு முன்னால், மதகு அடைபட்டிருக்கும் நேரத்தில் உங்கள் கூரைகளில் பெய்யும் மழையை எங்கே வைத்துக்கொள்வீர்கள், அந்த இடத்தைப் பத்தாண்டுக்குப் பிறகு தூர்வாரும் செலவு யாருடையது, பழைய லயத்துக் குடும்பங்களுக்கு அதே வடிகாலின் மேட்டுப் பக்கத்தில் எத்தனை வீடு என்று மாவட்டக் கவுன்சில் எழுத்தில் விடை பெற வேண்டும். இவற்றை வற்புறுத்த மஸ்மா கையேடும், 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டமும் ஏற்கெனவே மன்றங்களின் கையில் இருக்கின்றன.